பிரேக்கிங் பேட், கடைசி 8 வாரம்: எம்60 யாருக்கு, ரைசின் யாருக்கு?

கேள்வி (வாசகர் ஒருவர்), 6 ஆகஸ்ட் 2013

வேதியியல் வாத்தியார் வால்ட் போதைப்பொருள் காய்ச்சுற கதை, அமெரிக்கத் தொடர் பிரேக்கிங் பேட், வர்ற திங்கக்கிழமை மறுபடி ஆரம்பிக்குது. இன்னும் 8 எபிசோடுதான். தொடரை உருவாக்கின கில்லிகன் முதல் எபிசோடிலேயே முடிவை யோசிச்சு வெச்சுட்டார், துப்பு எல்லா இடத்துலயும் கிடக்கு, கண்ணைத் தொறந்து பார்த்தா இப்பவே முடிவைச் சொல்லிடலாம். இதுதான் என் கட்சி. வால்ட் தன் மனைவி ஸ்கைலரைக் கொல்லுவான். அஞ்சாம் பருவத் தொடக்கத்துல ஒரு எதிர்காலக் காட்சி, எம்60 இயந்திரத் துப்பாக்கி வாங்குறானே, அங்க டென்னீஸ் ஓட்டல்ல அவன் காட்டுற லைசென்ஸ்ல பேர் லாம்பர்ட். அது ஸ்கைலரோட பொறந்த வீட்டுப் பேர். தான் கொன்னவங்களோட பழக்கத்தை அவன் எடுத்துக்குவான், எல்லாருக்கும் தெரியும். மறுக்கிறவங்க வரலாம்.

7 ஆகஸ்ட் 2013

மறுக்கத்தான் வந்தேன் நண்பா.

லாம்பர்ட் சரி. பேக்கன் துண்டுகளை உடைத்து 52 என்று தட்டில் அடுக்குவதும் சரி, அதுவும் ஸ்கைலர் அவன் பிறந்தநாளுக்குச் செய்கிற வழக்கம்தான். ஆனால் அதிலிருந்து கொலை எங்கே வருகிறது? குடும்பத்தைப் பிரிந்து, பெயர் மாற்றி, தாடி வளர்த்து, தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவன் பிறந்தநாளன்று மனைவி செய்ததைத் தனக்குத் தானே செய்துகொள்கிறான். எனக்கு அதில் ஏக்கம்தான் தெரிகிறது.

"முதல் எபிசோடிலேயே யோசித்து வைத்தார்" என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. வால்ட்டின் கூட்டாளி ஜெஸ்ஸியை முதல் பருவ முடிவிலேயே கொன்றுவிடுவது என்றுதான் கில்லிகன் எண்ணியிருந்தார். ஆரன் பால் நடித்ததைப் பார்த்த பிறகு அந்த யோசனை போயிற்று. அடியாள் மைக் எப்படி வந்தார் தெரியுமா? ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்த காலையில் வீட்டைச் சுத்தம் செய்ய வக்கீல் சால் வருவதாக இருந்தது. சாலாக நடிக்கும் பாப் ஓடன்கிர்க்குக்கு அப்போது வேறொரு தொடரில் வேலை. அதனால் ஜானதன் பேங்க்ஸ் வந்தார். அந்த ஒரு நாள் வேலைக்காரர்தான் ஐந்தாம் பருவத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து "என்னை நிம்மதியாகச் சாக விடு" என்கிறார். போதைப்பொருள் வியாபாரி டுகோவும் அப்படித்தான். அந்த நடிகர் விடைபெற விரும்பியதால் டுகோ சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். அந்த வெற்றிடத்தில்தான் அடுத்த பெரிய வியாபாரி கஸ் ஃப்ரிங் வளர்ந்தார்.

முழுக்க முன்கூட்டியே வரைபடம் போட்டு எழுதியது இரண்டாம் பருவம்தான். நீச்சல்குளத்தில் மிதக்கும் கண் பறிபோன இளஞ்சிவப்புக் கரடிப் பொம்மை ஞாபகம் இருக்கும். அது வரும் நான்கு எபிசோடுகளின் தலைப்பையும் வரிசையாகப் படித்தால் "செவன் தேர்ட்டி செவன், டவுன், ஓவர், ஏபிக்யூ". ஆல்புகர்க்கிக்கு மேல் இரண்டு விமானங்கள் மோதின, 167 பேர் செத்தார்கள். புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் ஐந்து பருவத்திலும் எனக்கு மனது ஒட்டாத முடிவு அதுதான். திட்டம் போட்டது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

அதனால் நான் துப்பு தேடுவதில்லை. அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். நாளைக்கு யார் வருவார் என்று அவர் ஊகித்ததே கிடையாது, பற்று நோட்டில் எந்தப் பெயர் இன்னும் அடிக்கப்படாமல் நிற்கிறது என்று பார்ப்பார். பிரேக்கிங் பேடை அப்படித்தான் பார்க்கிறேன். பாக்கி நிற்பது: ஜேன் மூச்சுத் திணறியபோது வால்ட் கை கட்டிப் பார்த்தது ஜெஸ்ஸிக்கு இன்னும் தெரியாது. ஜெஸ்ஸியின் தோழி ஆண்ட்ரியாவின் மகன் ப்ராக்குக்கு வால்ட் விஷம் வைத்தது தெரியாது. ரயில் கொள்ளையன்று வால்ட்டின் ஆள் டாட் சுட்ட அந்த மோட்டார் பைக் பையனுக்கு எவனும் பதில் சொல்லவில்லை. வால்ட் வீட்டுப் படுக்கையறை ஸ்விட்ச் பலகைக்குப் பின்னால் ரைசின் என்ற விஷம் இருக்கிறது. வால்ட்டின் சகலை, போதைத் தடுப்பு அதிகாரி ஹாங்க் கையில் வால்ட்டைக் காட்டிக்கொடுக்கும் புத்தகம் இருக்கிறது. ஸ்கைலரைக் கொல்வது இந்த நோட்டில் எந்த வரியிலும் இல்லை.

12 ஆகஸ்ட் 2013

முதல் எபிசோடு முடிந்தது. இன்னும் உடம்பு சூடாக இருக்கிறது.

இங்கே எழுதிய பாதிப் பேர் என்ன சொன்னார்கள்? ஹாங்க் தெரியாத மாதிரி நடிப்பார், வால்ட் தெரியாத மாதிரி நடிப்பான், ஐந்தாறு வாரம் பூனை எலி ஆட்டம் நடக்கும், ஏழாவது வாரம் உடையும். நானும் நாலு வாரமாவது இழுப்பார்கள் என்று நினைத்தேன். ஒரே எபிசோடில் முடித்துவிட்டார்கள்! கார் கொட்டகையின் கதவு இறங்குகிறது, ஹாங்க் முகத்தில் ஒரு குத்து விடுகிறார், எல்லாம் வெளியே வந்துவிட்டது. மற்ற தொடர்கள் ஒரு பருவம் முழுக்கச் சேமித்து வைக்கும் காட்சி அது. இயக்கியது பிரையன் க்ரான்ஸ்டனே. இருந்ததை முதல் நாளிலேயே செலவழித்துவிட்டால் எழுதுகிறவர்கள் அடுத்த வாரம் புதிதாக யோசித்தே ஆகவேண்டும். இந்தக் குழு அதை வேண்டுமென்றே செய்கிறது என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் வரும் எதிர்காலக் காட்சி: பாழடைந்த வீடு, தண்ணீரில்லாத குளத்தில் பையன்கள் சறுக்குகிறார்கள், சுவரில் ஹைசன்பர்க் என்று, வால்ட்டின் கள்ளப் பெயர், பெயின்ட். வால்ட் உள்ளே போய் ரைசினை எடுக்கிறான். எம்60ம் ரைசினும் ஒரே ஆள் கையில். ஒரு கூட்டத்துக்கு ஒன்று, ஒரு தனி ஆளுக்கு ஒன்று. அது மட்டும் இப்போதைக்கு நிச்சயம்.

பக்கத்து வீட்டு கேரல் கையிலிருந்து பை நழுவி ஆரஞ்சு உருளும் காட்சியை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

13 ஆகஸ்ட் 2013

கேள்வி கேட்டவர் துண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். வாந்தி எடுக்கும் முன் வால்ட் துண்டை மடித்து முழங்காலுக்கு அடியில் போடுகிறான், மெக்சிகோவில் கஸ் செய்த அதே மாதிரி. ஆமாம், பார்த்தேன், அருமை. முதல் பருவத்தில் வால்ட் கொன்ற க்ரேஸி-8 ரொட்டி ஓரத்தை ஒதுக்கியதும், வால்ட் பின்னால் ஓரத்தை வெட்டியதும் அதே கணக்குதான். பழக்கம் ஒட்டிக்கொள்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் திருப்பிப் போட்டு, பழக்கம் ஒட்டியிருந்தால் கொலை நடந்திருக்கும் என்று சொல்லாதீர்கள். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவள் பழக்கம் ஒட்டாமல் வேறு யாருடையது ஒட்டும்? (இது அக்கா சொன்னது. நாங்கள் சேர்ந்துதான் பார்க்கிறோம்.)

19 ஆகஸ்ட் 2013

வால்ட் பணப் பீப்பாய்களைப் பாலைவனத்தில் புதைத்துவிட்டு லாட்டரிச் சீட்டு எண்களாக இடத்தை மனப்பாடம் செய்கிறானே: 34, 59, 20, 106, 36, 52. வரைபடத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்கு வந்தது பாலைவனம் இல்லை, தொடரைப் படமாக்குகிற ஆல்புகர்க்கி ஸ்டூடியோ!

அக்காவுக்கு இந்த வாரம் பீப்பாய் கண்ணில் படவே இல்லை. ஹாங்கின் மனைவி மேரி ஸ்கைலரை அறைந்தது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது, அதுதான் கதையே என்கிறாள். "தங்கச்சிக்கு ஏற்கெனவே தெரியும்னு அக்காவுக்குத் தெரிஞ்ச நிமிஷம்டா அது. துப்பாக்கி எல்லாம் அப்புறம்." ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன், ஸ்கைலர்தான் மூத்தவள். "யாரா இருந்தா என்ன" என்றாள்.

26 ஆகஸ்ட் 2013

முதல் பாக்கி வசூலாகிவிட்டது.

ஜெஸ்ஸி சாலையோரம் நிற்கிறான். ஆளை மறைக்கிற அந்த வேன்காரர் வரவேண்டும். வந்தால் அலாஸ்காவோ எங்கேயோ போய்விடலாம். சட்டைப்பையைத் தடவுகிறான், கஞ்சாப் பொட்டலம் இல்லை. சிகரெட் பாக்கெட்டைப் பார்க்கிறான். முகம் மாறுகிறது. வசனம் ஒன்று கிடையாது. சாலின் ஆள் ஹ்யூவெல் பொட்டலத்தை அடித்துவிட்டான், அப்படியானால் அன்றைக்கு ரைசின் சிகரெட்டையும் இதே கைதான் அடித்தது, அடிக்கச் சொன்னது சால், சாலுக்குச் சொன்னது வால்ட்.

"இது நம்பும்படி இல்லை, ஒரு பொட்டலம் காணாமல் போனதற்கு அவ்வளவு தூரம் யோசிப்பானா?" என்று சிங்கப்பூர் நண்பர் எழுதியிருக்கிறார். இதில் நான் கடுமையாக வேறுபடுகிறேன். நாலாம் பருவத்தை நினைத்துப் பாருங்கள். ப்ராக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜெஸ்ஸி முதலில் போய் நின்றது வால்ட் வீட்டில்தான், அவன் துப்பாக்கியையே எடுத்து அவன் மேல் நீட்டினான். அவனுக்கு அன்றே தெரியும். பேசிப் பேசி வால்ட் அதை அழித்தான். அப்புறம் தானியங்கித் துடைப்பானுக்குள் போலி சிகரெட்டை வைத்துக் கண்டுபிடிக்கவும் வைத்தான். ஜெஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சுடப் பார்த்தேனே" என்று அழுதான், இவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். தொடரிலேயே எனக்குத் தாங்க முடியாத காட்சி அது. சாலையோரத்தில் அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஒருமுறை தெரிந்திருந்ததைத் திரும்பப் பெற்றான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், எனவே இரண்டு வரி. ரைசின் ஆமணக்கு விதையில் உள்ள புரதம். நம் வீட்டு விளக்கெண்ணெயில் அது வருவதில்லை, பிண்ணாக்கோடு நின்றுவிடும். ப்ராக்குக்குப் போனது அது இல்லவே இல்லை, லில்லி ஆஃப் த வேலி என்ற தோட்டச் செடி. அது இதயத் துடிப்பைக் கெடுக்கிற வேறு வகை நஞ்சு. நாலாம் பருவம் கடைசி நொடியில் கேமரா அந்தத் தொட்டிச் செடியில்தான் போய் நிற்கும். ஆக ரைசினை வைத்து ப்ராக்கை யாரும் தொடவில்லை, ரைசின் என்ற பயத்தை வைத்து ஜெஸ்ஸியைத் தொட்டார்கள். அந்தக் குப்பி இன்னும் முழுசாக இருக்கிறது.

2 செப்டம்பர் 2013

மெதுவான வாரம் என்று திட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது. மேரி மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து, தடயம் விடாத விஷங்களைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். உடனே இங்கே ஐந்து பேர் "மேரிதான் வால்ட்டுக்கு விஷம் வைப்பாள்" என்று எழுதிவிட்டார்கள். வைக்க மாட்டாள். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பப் பெண்ணைக் கொலையைப் பற்றி யோசிக்கும் இடம்வரை கொண்டுவந்துவிட்டான் பாருங்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

கடைசியில் டாட்டுக்கு ஒரு போன். கொலைக் கும்பல் வைத்திருக்கும் அவன் மாமாவுக்கு இன்னொரு வேலை இருக்கிறதாம். எம்60 யாருக்கு என்ற கேள்விக்கு இன்று எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூலிக்குக் கொல்ல இந்தக் கும்பலைக் கூப்பிட்டவனுக்கு ஒருநாள் அந்தக் கும்பலே எமன். கும்பலாக இருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான்.

9 செப்டம்பர் 2013

இது அநியாயம். துப்பாக்கிச் சண்டை நடுவில் வெட்டிவிட்டுப் பெயர் போடுகிறார்கள்!

ஹாங்க் பிழைக்க மாட்டார். காரணம் குண்டு இல்லை, போன். வால்ட் கையில் விலங்கு மாட்டியதும் மேரிக்குப் போன் போட்டு "பிடித்துவிட்டேன்" என்கிறார், அன்பாகப் பேசுகிறார். மணிக்கணக்காக நாம் காத்திருந்த வெற்றியை அவ்வளவு நிம்மதியாக அனுபவிக்க விட்டார்கள் என்றால், விடைகொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கதைக்காரன் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும்போது எனக்குப் பயமாக இருக்கும்.

வால்ட் அவர்களை வரவேண்டாம் என்று சொன்னானே, அதையும் மறக்காதீர்கள். ஹாங்கைப் பார்த்ததும் தன் ஆட்களை நிறுத்தச் சொன்னான். சகலையைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அது உண்மை. அதனால் என்ன பயன்? வரவழைத்தது அவன். திரும்பிப் போகச் சொல்லும் உரிமை அவனிடம் இல்லை.

12 செப்டம்பர் 2013

சாலை வைத்து ஒரு முன்கதைத் தொடர் வரப்போகிறது என்று ஏஎம்சி தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. பெயர் பெட்டர் கால் சால். உடனே "அப்ப சால் சாகமாட்டான்" என்று கிளம்பிவிட்டார்கள். முன்கதை என்றால் இதற்கு முன் நடந்தது. இங்கே செத்தாலும் அங்கே உயிரோடு இருக்கலாம். ஒன்றும் நிரூபணமாகவில்லை.

16 செப்டம்பர் 2013

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாளைக்கு வகுப்பு இருக்கிறது, தூக்கம் வரவில்லை.

ஹாங்கின் சக அதிகாரி கோமஸ் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறார். ஹாங்க் காலில் ரத்தம். வால்ட் மண்டியிட்டுப் பேரம் பேசுகிறான். எட்டுக் கோடி டாலர், எல்லாவற்றையும் எடுத்துக்கொள், இவரை விடு. குடும்பத்துக்காக என்று சேர்த்த மொத்தத்தையும் குடும்பத்தில் ஒருவருக்காகக் கொட்டுகிறான். ஹாங்குக்குத்தான் உண்மை தெரிகிறது: பத்து நிமிஷத்துக்கு முன்பே இவன் முடிவு செய்துவிட்டான், உனக்கு மட்டும் அது புரியவில்லை. கெஞ்சவே இல்லை அந்த மனிதர். முதல் எபிசோடில் பிறந்தநாள் விருந்தில் துப்பாக்கியைக் காட்டிப் பெருமையடித்த, மெக்சிகோக்காரர்களைக் கிண்டல் செய்த அந்த ஹாங்க், ஐந்து பருவத்தில் இந்த உயரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

அப்புறம் ஜேன். ஜெஸ்ஸியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். வால்ட் நிறுத்தி, கிட்டே போய், "அவள் சாகும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்கிறான். 7ஆம் தேதி எழுதியபோது, இது ஜெஸ்ஸிக்கு எப்படியாவது தெரியவரும், யாராவது உளறுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வால்ட்டே சொல்வான், அதுவும் வலிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்வான் என்று இங்கே ஒருவர்கூட எழுதவில்லை. திருப்பம் என்றால் எனக்கு இதுதான். தகவல் நமக்கு நாலு வருஷமாகத் தெரியும். அதை அவன் எதற்குப் பயன்படுத்துவான் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்றால், முதல் எபிசோடில் வால்ட் கார் கழுவும் கடையில் மண்டியிட்டுச் சக்கரம் துடைப்பான், கார் அவன் வகுப்புப் பையனுடையது, அந்தப் பையன் படம் எடுப்பான். பள்ளிக்கூடம் விட்டபின் டியூஷனுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தக் காட்சி சும்மா ஒரு காட்சி இல்லை. அன்றிலிருந்து அவன் பக்கம் நின்றே பார்த்துவந்தேன். ப்ராக்குக்குப் பிறகும் ஒரு கால் அங்கேதான் இருந்தது. இன்று அந்தக் காலையும் எடுத்துக்கொண்டேன்.

17 செப்டம்பர் 2013

போன் பேச்சைப் பற்றி இங்கே இரண்டு கட்சி. வால்ட் ஸ்கைலரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான், நன்றி கெட்டவள், நான் சொன்னதைக் கேட்டதே கிடையாது என்கிறான். ஒரு கட்சி: கடைசியில் உண்மையான வால்ட் வெளியே வந்தான். இன்னொரு கட்சி: வீட்டில் போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கு எதிலும் பங்கில்லை என்று காட்டவே இந்த நாடகம்.

நான் இரண்டாம் கட்சி. அவன் முகத்தைப் பாருங்கள், அழுதுகொண்டே கத்துகிறான். அழுகை குரலில் தெரியாமல் பார்த்துக்கொள்கிறான். ஸ்கைலருக்குப் பாதியில் புரிந்துவிடுகிறது, "மன்னித்துவிடு" என்கிறாள்.

அக்கா இரண்டு கட்சியையும் ஏற்கவில்லை. "நடிப்புதான். ஆனா அந்த வார்த்தை எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? உள்ள இருந்தாத்தானே வரும். பல வருஷமா சொல்லணும்னு இருந்ததை, அவளைக் காப்பாத்துறேன்னு சாக்கு வச்சுச் சொல்லிட்டான்." இதைக் கேட்டபின் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நாடகம் என்பதில் என் கருத்து மாறவில்லை. நாடகத்துக்கு வேண்டிய சரக்கு அவனிடம் தயாராக இருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். மொய்ரா வாலி-பெக்கெட் எழுதியதில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, அதனால்தான் கேட்கக் கேட்கப் பயமாக இருக்கிறது.

18 செப்டம்பர் 2013

வால்ட் பீப்பாயை உருட்டிக்கொண்டு போகும்போது மணலில் ஒரு கால்சட்டை கிடக்கிறது. முதல் எபிசோடின் முதல் காட்சியில் காற்றில் பறந்ததே, அதே கால்சட்டை. இது ரசிகர்களுக்காகவே போட்டது. இதைத் துப்பு என்று சொல்லாதீர்கள், பரிசு என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

23 செப்டம்பர் 2013

நியூ ஹாம்ப்ஷயர், பனி, ஒரு மரக்குடில், ஒரு பீப்பாய் பணம். கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க அந்த வேன்காரருக்குப் பத்தாயிரம் டாலர் கொடுக்கிறான் வால்ட். ஆண்ட்ரியாவை டாட் வாசலில் வைத்துச் சுட்டான், ஜெஸ்ஸியைப் பார்க்கவும் வைத்தான். உள்ளே ப்ராக் இருக்கிறான். இதற்கு மேல் எழுத வேண்டாம்.

சால் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறான். அதிர்ஷ்டம் இருந்தால் ஒமாஹாவில் ஒரு சின்னபன் கடைக்கு மேனேஜராக இருப்பானாம். கேட்டுச் சிரித்தோம்.

28 செப்டம்பர் 2013

நாளை கடைசி. என் ஊகத்தை எழுதி வைக்கிறேன்.

எம்60 டாட்டின் மாமா ஜாக் கும்பலுக்கு. இதில் மாற்றமில்லை. ரைசின், வால்ட்டின் வியாபாரக் கூட்டாளி லிடியாவுக்கு. எல்லாரும் ஜாக், டாட், கிரெச்சன், எலியட், வால்ட்டே குடிப்பான் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். போன வருஷம் செப்டம்பரில் வந்த எபிசோடைத் திரும்பப் பாருங்கள். காபிக்கடையில் லிடியாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது ரைசின் குப்பி வால்ட்டின் தொப்பிக்கு அடியில் இருந்தது. அவளைக் கொல்லத்தான் எடுத்துப் போனான். அவள் பயனுள்ள ஒரு யோசனை சொன்னதால் அன்று பிழைத்தாள். இது தொடங்கிப் பாதியில் நின்ற வேலை.

வால்ட்டின் பழைய கம்பெனிக் கூட்டாளிகள் கிரெச்சனும் எலியட்டும் சாகமாட்டார்கள். ஐயாயிரம் டாலருக்குத் தன் பங்கை விற்ற அவமானம் முதல் பருவத்திலிருந்து நிற்கிற பாக்கி, ஆனால் அதைக் கொலையால் தீர்த்தால் வால்ட் சிறுத்துப்போவான். அவர்களை வைத்து ஏதோ ஒரு காரியம் செய்துகொள்வான். என்ன காரியம் என்பது பிடிபடவில்லை.

ஜெஸ்ஸி பிழைப்பான். இதற்குக் காரணம் எதுவும் இல்லை, பிழைக்க வேண்டும்.

30 செப்டம்பர் 2013

லிடியாவின் ஸ்டீவியா பொட்டலத்தில் ரைசின். கார் டிக்கியில் எம்60, கார் கொட்டகைக் கதவைத் திறக்கிற மோட்டாரில் பூட்டி, சாவியில் ஒரு பொத்தான். லேசர் விளக்கோடு புதரில் ஜெஸ்ஸியின் நண்பர்கள் பேட்ஜரும் ஸ்கின்னி பீட்டும்! கிரெச்சன், எலியட் வழியாக மகனுக்குப் பணம் போகிறது, வால்ட்டின் பெயர் இல்லாமல். அந்தக் காரியம் இதுதான்.

ஆனால் இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஸ்கைலரின் சமையலறையில் அவன் சொல்வது: எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது, அதில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன். ஐந்து பருவமாக "குடும்பத்துக்காக" என்று சொல்லிவந்த வாய். எம்60ஐயும் ரைசினையும் ஊகித்தவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு வாக்கியத்தை யாரும் ஊகிக்கவில்லை. எல்லாவற்றையும் விடப் பழைய பாக்கி இதுதான்.

டாட்டின் கழுத்தை ஜெஸ்ஸி விலங்குச் சங்கிலியாலேயே நெரித்தான். அக்கா எழுந்து நின்று கைதட்டினாள். அதுவும் ராத்திரி பத்து மணிக்கு.

3 அக்டோபர் 2013

மூன்று விஷயம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசி எபிசோடின் தலைப்பு ஃபெலினா என்பது இரும்பு, லித்தியம், சோடியம், அதாவது ரத்தம், மெத், கண்ணீர் என்கிறார்கள். குறியீடுகள் பொருந்துகின்றன, அழகாகவும் இருக்கிறது. ஆனால் வால்ட்டின் நீலச் சரக்கு மெத்திலமின் வழியில் வருவது, அதில் லித்தியத்துக்கு வேலையில்லை. ஃபினாலே என்ற சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ஃபெலினா. பனியில் அவன் திருடும் காரில் மார்ட்டி ராபின்ஸ் கேசட் கிடக்கிறது, அவருடைய பழைய எல் பாசோ பாட்டில் வரும் பெண்ணின் பெயரும் அதுவே. அவளைப் பார்க்கத் திரும்பி வந்து சாகிறவன் கதை அந்தப் பாட்டு. எனக்கு அது போதும்.

அந்தக் காரிலேயே வால்ட் உறைந்து செத்துவிட்டான், மீதியெல்லாம் சாகிறவன் கண்ட கனவு என்று ஒரு கட்சி. எல்லாம் அவன் நினைத்தபடியே நடக்கிறது என்பதுதான் அவர்கள் ஆதாரம். கனவில் ஸ்கைலர் அவனை மன்னித்திருப்பாள். மகன் ஓடி வந்திருப்பான். நடந்தது என்ன? மகன் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போவதைத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நின்று பார்த்தான்.

பெட்ரோல் பங்க் டெலிபோன் மேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தது காலம் முடிந்தது என்பதன் குறியீடாம். ஜெஸ்ஸி பிறந்தநாளுக்குக் கொடுத்த கடிகாரம் என்பதால் நானும் அப்படி ஒரு பொருள் கொண்டேன். கில்லிகனே விளக்கிவிட்டார்: முந்தைய வருஷம் எடுத்த டென்னீஸ் காட்சியில் அவன் கையில் கடிகாரம் இல்லை, அதற்குப் பொருந்தவே கழற்றினார்கள். அதேபோல எம்60ஐ டிக்கியில் வைத்தபோது அது எதற்கு என்று எழுத்தாளர்களுக்கே தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார். முதல் கேள்வி கேட்ட நண்பர் இதைப் படிக்க வேண்டும். துப்பாக்கியை முதலில் வைத்துவிட்டு, வருஷம் முழுக்க உட்கார்ந்து அதற்குத் தகுந்த மனிதர்களைத் தேடியிருக்கிறார்கள். திட்டம் போட்டு எழுதுவதைவிட இது எவ்வளவோ கஷ்டம்.

14 அக்டோபர் 2019

ஜெஸ்ஸி தப்பிய பிறகு நடப்பதைச் சொல்லும் படம் எல் கமீனோ வந்துவிட்டது, இந்த இழையைத் தூசி தட்டுகிறேன். ஜெஸ்ஸி அலாஸ்கா போய்ச் சேர்ந்தான். 2013இல் அந்தச் சாலையோரத்தில் ஏறாமல் விட்ட வண்டியில் இப்போது ஏறியிருக்கிறான். படமாக நடுத்தரம்தான், ஆனால் அவனை அந்தப் பனிக்குள் விட்டுவிட்டு வந்ததில் எனக்கு நிம்மதி.

17 ஆகஸ்ட் 2022

பெட்டர் கால் சால் முடிந்தது. அன்று சிரித்தோமே, ஒமாஹா சின்னபன் கடை? நிஜமாகவே அங்கே மேனேஜராக வைத்து, ஆறு பருவமும் அந்த ஒற்றை வரியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்னொன்று: 2009இல் வால்ட்டும் ஜெஸ்ஸியும் முகமூடி போட்டுச் சாலைப் பாலைவனத்துக்குக் கடத்தியபோது, உயிர்ப்பயத்தில் "நான் இல்லை, இக்னேஸியோ", "லாலோ அனுப்பலையா?" என்று உளறுவான். இரண்டு பெயர். எழுதும்போது ஆள் கிடையாது. பின்னால் இக்னேஸியோ நாச்சோ ஆனான், லாலோ 2018இல் சிரித்துக்கொண்டே உணவகச் சமையலறையில் வந்து நின்றான். தொடரிலேயே என்னை அதிகம் நடுங்க வைத்தவன். ஒரு பயந்தவன் வாயிலிருந்து விழுந்த பெயருக்கு ஒன்பது வருஷம் கழித்து முகம் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி எபிசோடில் மேரி வந்தாள். சாலுக்கு எதிரே உட்கார்ந்து ஹாங்கைப் பற்றியும் கோமஸைப் பற்றியும் பேசினாள். அக்காவுக்கு உடனே போன் போட்டேன், இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். "அவளைக் கூப்பிட்டு உட்கார வைக்க இவ்வளவு வருஷமாச்சா" என்றாள். ஏழு வருஷத் தண்டனையோடு தப்பியிருக்க வேண்டியவன், நீதிமன்றத்தில் வாயைத் திறந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு 86 வருஷம் வாங்கிக்கொள்கிறான். வால்ட் சமையலறையில் ஒருத்தியிடம் மட்டும் சொன்னதை இவன் எல்லார் முன்னாலும் சொன்னான்.

19 ஆகஸ்ட் 2022

நோட்டில் இன்னும் அடிக்காத பெயர் இருக்கிறதா என்று சேலத்து நண்பர் கேட்டிருக்கிறார். ஒன்று இருக்கிறது. ப்ராக். விஷம் தின்ற பையன், அம்மாவை வாசலிலேயே இழந்தவன். எல் கமீனோ முடிவில் ஜெஸ்ஸி அவனுக்கு ஒரு கடிதம் எழுதி வேன்காரர் எட் கையில் கொடுக்கிறான். அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குக் காட்டவில்லை. எட் அதைச் சேர்த்திருப்பார், வாங்கின வேலையை அவர் விடுகிறவர் இல்லை. ப்ராக் அதை உடனே பிரித்திருக்க மாட்டான் என்பது என் ஊகம். இந்தக் குழு திரும்பவும் ஆல்புகர்க்கிக்கு வந்தால் அந்தப் பையனிடமிருந்து தொடங்க வேண்டும். வேறு யாரிடமிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறவர்கள் எழுதுங்கள், பேசுவோம்.